ஏதிலியர் பிள்ளை எந்நாட்டுப் பிள்ளை?

பிறப்பு ஒருவர் தேர்ந்துகொள்வதன்று. எம்மண்ணில், எவ்வயிற்றில், எவ்வாண்டில் பிறப்பது என்று எந்தக் குழவியும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆயினும், அக்குழவி தன் முதல் அழுகையை அழுது ஓயுமுன்னரே இவ்வுலகத்து அரசுகள் அதனை நோக்கி மூன்று வினாக்களை எழுப்பிவிடுகின்றன. எங்குப் பிறந்தாய்? யார்க்குப் பிறந்தாய்? என்று பிறந்தாய்? இம்மூன்றற்கும் சட்டம் விரும்பும் விடையை உடைய குழவி ஒரு நாட்டின் குடியாகிறது. விடை பிழைத்த குழவியோ, பயனிலை பெறாத எழுவாய்போல முடியாத் தொடராய் நின்றுவிடுகிறது. தமிழகத்து ஏதிலியர் முகாம்களில் அவ்வாறு முடியாத் தொடர்களாய் நிற்கும் தமிழ்ப்பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்லர்.

அவர்கள் பிறந்தது தமிழ் மண். பெற்றோர் பிறந்ததும் தமிழ் மண். இடையில் கிடப்பது ஒரு சிறு கடல். ஆனால் இக்கரை அரசு, "நீ பிறந்தது இங்கே, எனினும் உன் பெற்றோர் எம் குடிகளல்லர், ஆகலின் நீயும் எம் குடியல்லை" என்கிறது. அக்கரை அரசோ, "உன் பெற்றோர் எம் குடிகளே, எனினும் நீ பிறந்தது அங்கே, எம் அலுவலகத்தில் பதியப்படாத வரை நீயும் எம் குடியல்லை" என்கிறது. ஒருவன் மண்ணைக் காட்டித் தள்ளுகிறான். மற்றொருவன் தாளைக் காட்டித் தள்ளுகிறான். நடுவில் நிற்கும் பிள்ளைக்குத் தமிழன் என்னும் பெயரன்றி நாடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

இப்பிள்ளைகளைப் பற்றித் தமிழினத்தார் பேசவேண்டிய நேரம் இது. அதனினும், தமிழினத்தார் தமக்குள்ளேயே கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டிய நேரமும் இது.

ஒரு நகரில் இருவகைப் பிறப்பு

சென்னை அபிராமபுரத்துத் தெருக்களில் மகனோ மகளோ கடல்கடந்து பணிபுரியும் வீடுகள் பல. அவ்வீட்டு மகளுக்குச் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடொன்றிலோ குழவி பிறக்கிறது என்று கொள்வோம். வீட்டினர் எவரும் அக்குழவியின் நாடு யாது என்று கலங்குவதில்லை. ஓராண்டுக்குள் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்திற் பதிந்துகொண்டால், 1955-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டத்து 4-ஆம் பிரிவின்படி அக்குழவி இந்தியக் குடி. ஓராண்டு கடந்தாலும் நடுவணரசின் இசைவு பெற்றுப் பதியலாம். அவ்வாறன்றிப் பிறந்த நாட்டின் குடிமையையே அக்குழவி ஏற்றுக்கொண்டிருந்தால், வாழ்நாள் முழுவதும் இந்நாட்டிற்கு வந்துபோகவும் தங்கவும் இசைவு தரும் கடல்கடந்த இந்தியர் அட்டை உண்டு. ஒரு கதவு மூடினால் மறுகதவு திறக்கிறது. இஃது அக்குழவி பெற்ற நற்பேறு; அதன்மேல் எவர்க்கும் அழுக்காறு வேண்டுவதில்லை.

இனி, அதே அபிராமபுரத்தை அடுத்துள்ள ஆழ்வார்ப்பேட்டையின் டி. டி. கே. சாலையில்தான் இலங்கைத் துணைத்தூதரகம் முன்னர் இயங்கியது. பின்னர் நுங்கம்பாக்கத்திற்கு மாறியது. அதன் வாயிலுக்கு வருவோர் வேறு வகையினர். மண்டபத்திலிருந்தும், கும்மிடிப்பூண்டியிலிருந்தும், திருச்சிராப்பள்ளிக் கொட்டப்பட்டிலிருந்தும், பவானிசாகரிலிருந்தும் முகாம் அலுவலரிடம் இசைவு பெற்று, ஒருநாட் கூலியை இழந்து, தாள்கட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவோர் அவர். அவரும் தம் பிள்ளையைப் பெற்றோரின் நாட்டுக் குடியாகப் பதியவே வருகின்றனர். அபிராமபுரத்து மகள் சிங்கப்பூரிற் செய்வதும், முகாமில் வாழும் தாய் சென்னையிற் செய்வதும் சட்டத்தின் கண்ணில் ஒரே செயல். ஆனால் முன்னவள் விரும்பிச் சென்ற நாட்டில், எல்லாத் தாள்களும் கையிருக்கப் பிள்ளை பெற்றவள். பின்னவள் எரியும் வீட்டை விட்டுப் படகேறி வந்தவள். இருவரிடமும் ஒரே தாளைக் கேட்பது சமன்மை போலத் தோன்றும், அது சமன்மையன்று. நொண்டியையும் ஓட்டக்காரனையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பந்தயம் விடும் முறைகேடு அது.

இலங்கைச் சட்டம் சொல்வது

இலங்கையின் குடியுரிமைச் சட்டம் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டம். அவ்வாண்டு நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிற் பிறக்கும் குழவியைப் பற்றி அதன் 5-ஆம் பிரிவு பேசுகிறது. குழவி பிறக்கும்பொழுது தந்தை இலங்கைக் குடியாக இருத்தல் வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் பிறப்பைப் பதிதல் வேண்டும். தக்க கரணியம் இருப்பின் அமைச்சர் அக்காலத்தை நீட்டித்துத் தரலாம். இவையே அதன் உள்ளுறை.

இதில் மூன்று முட்கள் உள்ளன. முதல் முள், தந்தை. தாய் இலங்கைக் குடியாயிருந்தும் தந்தை அவ்வாறு இல்லையெனில், 2003-ஆம் ஆண்டுவரை அப்பிள்ளைக்கு வழியில்லை. அவ்வாண்டின் திருத்தத்தால்தான் தாய்வழியும் ஒப்புக்கொள்ளப்பட்டது. பத்துத் திங்கள் சுமந்தவளின் குடிமை பிள்ளைக்கு ஒட்டாது என்று 55 ஆண்டுகள் ஒரு சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது! இந்தியச் சட்டமும் இதிற் பெருமை கொள்வதற்கில்லை. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழிக் குடிமையை அது ஒப்புக்கொண்டது 1992 திசம்பரில்தான்.

இரண்டாம் முள், ஓராண்டு. 1983 சூலை இனக்கொலைக்குப் பின்னர்ப் படகேறி வந்து, முகாமில் ஒரு கூரைக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் காத்திருந்த தாய்க்கு, பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் தன்னைத் துரத்திய அரசின் தூதரகத்திற்குச் சென்று பெயர் பதியவேண்டும் என்று யார் சொன்னார்? சொல்லியிருந்தாலும் அவள் நெஞ்சு துணிந்திருக்குமா?

மூன்றாம் முள், தாள். பிள்ளையின் பிறப்புச் சான்று, பெற்றோர் இருவரின் இலங்கைப் பிறப்புச் சான்று, அவர்தம் திருமணப் பதிவு எனத் தூதரகம் கேட்கும் ஆவணங்கள் பல. வீடெரிந்தபொழுது பெட்டியும் எரிந்தது. பெட்டியோடு சான்றும் எரிந்தது. யாழ்ப்பாணத்தையும் முல்லைத்தீவையும் விட்டுப் பல ஊர்கள் மாறி மாறி ஓடியவர் கையில் உயிரன்றி வேறொன்றும் எஞ்சவில்லை. முகாமிற் கோயில் முன் மாலை மாற்றி மணந்தவர்க்குப் பதிவுச் சான்று ஏது?

இந்தியச் சட்டம் சொல்வது

இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்திற் பெருந்தன்மை உடையதாயிருந்தது. இம்மண்ணிற் பிறந்த எவரும், தூதுவர் பிள்ளை போன்ற சிலரை நீக்கி, இந்நாட்டுக் குடி என்றது. 1987-ஆம் ஆண்டு சூலை 1-ஆம் நாளில் அக்கதவு பாதி மூடப்பட்டது. அந்நாள் முதல், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியாக இருந்தால்தான் பிள்ளை இந்தியக் குடி. இலங்கையிலிருந்தும் வங்காள நாட்டிலிருந்தும் வருவோரைக் கருதியே அத்திருத்தம் செய்யப்பட்டது என்பது அந்நாளில் மறைக்கப்படவும் இல்லை. ஈழத்தமிழர் கண்ணீரோடு கரையேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர்தம் பிள்ளைகளுக்கு எதிராகச் சட்டம் திருத்தப்பட்டது! வெளியே அடைக்கலம், உள்ளே கதவடைப்பு.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 3-ஆம் நாள் முதல் எஞ்சிய பாதியும் இறுகியது. பெற்றோர் இருவரும் இந்தியக் குடிகளாயிருத்தல் வேண்டும். அன்றேல் ஒருவர் குடியாகவும் மற்றவர் 'சட்டமறுப்புக் குடியேறி' அல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். உரிய கடவுச்சீட்டின்றி நுழைந்தவர் சட்டமறுப்புக் குடியேறி என்பது அச்சட்டம் தரும் இலக்கணம். உயிர்தப்பப் படகேறுகிறவன் எந்த அலுவலகத்திற் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்பான்? ஆகலின் முகாமில் வாழும் ஈழத்து இளைஞன் ஒருவன் தமிழகத்துப் பெண்ணை மணந்து, அவர்க்கு இம்மண்ணிலேயே பிள்ளை பிறந்தாலும், தாய் இந்தியக் குடியாயிருந்தும், அப்பிள்ளை இந்தியக் குடியன்று. தாய் நாட்டிற் பிறந்தும் தாய்நாடில்லாத பிள்ளை! அப்பிள்ளைக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் ஒரே வாயில், தந்தையின் நாட்டுத் தூதரக வாயிலே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இப்புண்ணில் வேலைப் பாய்ச்சிற்று. ஆப்கானித்தான், பாக்கித்தான், வங்காள நாடு ஆகிய மூன்றிலிருந்து 2014 திசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தார்க்குச் 'சட்டமறுப்புக் குடியேறி' என்னும் சூட்டுக்குறி நீக்கப்பட்டது. கடலுக்கு அப்பால் கூப்பிடு தொலைவிலுள்ள இலங்கை அப்பட்டியலில் இல்லை. முசுலிம்களை விலக்கியது போலவே ஈழத்தமிழரையும் விலக்கிற்று அச்சட்டம். தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் அதனை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது, தில்லி செவிசாய்க்கவில்லை, 2024 மார்ச்சில் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. 2025 செப்டம்பரில் நடுவணரசு ஓர் ஆணை பிறப்பித்தது: 2015 சனவரி 9-க்குள் வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டு இன்மைக்காக ஒறுக்கப்படார் என்பது அதன் பொருள். சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது அருள்தான். ஆனால் குடியாக ஏற்கமாட்டோம் என்பது அதனுள்ளேயே இருக்கிறது. அதே ஆண்டு மே திங்களில், ஈழத்தமிழர் ஒருவர் வழக்கை உசாவிய இந்திய உச்ச வழக்குமன்றம், இந்நாடு யாவரையும் ஏற்றுத் தங்கவைக்கும் சத்திரம் அன்று என்னும் கருத்தை வாய்மொழியாகச் சொன்னதும் நினைக்கத்தக்கது. சத்திரத்தில் எவரும் நாற்பது ஆண்டு தங்குவதில்லை. சத்திரத்திற் பிள்ளை பிறந்து, பேரப்பிள்ளையும் பிறப்பதில்லை!

'பதியாதே' என்பாரின் கூற்று

இந்நிலையில், தமிழினப் பற்றுடையோர் சிலரே ஒரு கருத்தைப் பரப்பி வருகின்றனர். "ஈழத்துப் பிள்ளையை இலங்கைக் குடியாகப் பதிவது சிங்கள அரசுக்குத் தலைவணங்குவதாகும், அது கொடுக்கும் தாள் அடிமைச்சீட்டு, அதைப் பெறுவது இனத்திற்கு இரண்டகம்" என்பது அது. முகாம்களிலே வேறொரு கருத்து உலவுகிறது: "இலங்கையில் பதிந்துவிட்டால் இந்தியக் குடிமை கிடைக்கும் வாய்ப்புப் போய்விடும்." முன்னது மேடையிற் பிறந்த கருத்து, பின்னது அச்சத்திற் பிறந்த கருத்து. இரண்டும் பிள்ளையின் கையில் ஒரு தாளும் இல்லாமற் செய்வதில் ஒன்றுபடுகின்றன.

முன்னதை முதலில் ஆராய்க. குடிமை என்பது ஓர் ஆட்சி அருளும் கொடையா? அன்று, அது மண்ணின்மேல் மக்களுக்குள்ள உரிமைக்குச் சட்டம் இட்ட பெயர். யாழ்ப்பாணமும், வன்னியும், திருகோணமலையும், மட்டக்களப்பும் சிங்களவர் கொடுத்த ஊர்களல்ல; தமிழர் வழிவழி உழுத ஊர்கள். அங்குள்ள பாட்டன் நிலத்திற்குப் பேரன் வழியுரிமை கேட்கவேண்டுமானால், அவன் இன்னார் மகன் என்பதற்கும் அந்நாட்டினன் என்பதற்கும் சான்று வேண்டும். அச்சான்றைப் பெறாதே என்பது, பாட்டன் நிலத்தை விட்டுவிடு என்பதே. ஓடியவர் பிள்ளைகள் திரும்பி வாரா எனின் அந்நிலம் யாருக்குப் போகும்? சிங்களக் குடியேற்றத்தை எதிர்த்து முழங்கும் வாயே, தமிழ்ப்பிள்ளைகள் திரும்பும் வழியையும் அடைக்குமாயின், அது வேலியே பயிரை மேய்வதாகும்.

வரலாறு இதற்குக் கரிபோகிறது. 1948-இல் மலையகத் தமிழரைச் சேனநாயக்கா அரசு நாடற்றவராக்கியபொழுது அது கையிலெடுத்த கருவி துமுக்கியன்று; தாள். தந்தையேனும், அன்றேல் பாட்டனும் பூட்டனுமேனும் இம்மண்ணிற் பிறந்தமைக்குச் சான்று காட்டு என்றது சட்டம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிற் பிறந்து அங்கேயே மண்ணாய்ப் போனவர்க்கு யார் சான்று எழுதி வைத்தார்? ஏறத்தாழ 7 இலக்கம் தமிழர் ஒரே சட்டத்தால் நாடிழந்தனர். அடுத்து வந்த தேர்தற்சட்டத் திருத்தம் அவர்தம் வாக்குரிமையையும் பறித்தது. அக்கொடுமையை எதிர்த்தே தந்தை செல்வா தம் பழைய கட்சியினின்று பிரிந்து 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைக் கண்டார். 1964 அக்தோபர் 30-இல் சிறிமாவும் சாத்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களை மூட்டைகளைப்போற் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சிறிமாவும் இந்திராவும் பாதி பாதியாகப் பிரித்தனர். எந்தத் தோட்டத் தொழிலாளியையும் எவரும் கேட்கவில்லை. தீவிலேயே தங்கிவிட்ட எஞ்சியோர்க்குக் குடிமை முழுமையாகக் கிடைத்தது 2003-ஆம் ஆண்டின் சட்டத்தால். இந்தியாவிற்குத் துரத்தப்பட்டோர்க்கு அச்சட்டம் விரிக்கப்பட்டது 2009-இல்.

பறித்த குடிமையைத் திரும்பப் பெற 55 ஆண்டுகள் ஆயின! தாள் இன்மையைக் காட்டி ஓர் அரசு செய்த கொடுமையை எதிர்த்தவரின் வழியில் வந்தோர், இன்று தாமே முன்வந்து தம் பிள்ளைகளைத் தாளற்றவர்களாக்குவதா? 1948-இல் கொழும்பு செய்ததை இன்று முகாமிலுள்ள தமிழன் தன் பிள்ளைக்குத் தானே செய்துகொள்வதா? இதை இனப்பற்று என்று எவரேனும் சொன்னால், அவர் தம் பிள்ளைகளின் கடவுச்சீட்டை முதலிற் கிழித்துக் காட்டட்டும்.

இனி, அச்சத்திற் பிறந்த கருத்து. 1987 சூலை 1-க்கு முன் இம்மண்ணிற் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிகள். முகாமிற் பிறந்த ஒரு பெண்ணின் கடவுச்சீட்டு வழக்கில் சென்னை உயர் வழக்குமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. அவ்வாண்டுகளிற் பிறந்தோர் வழி வேறு. அவர் இந்தியக் கடவுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். சட்டமறிந்தாரை உசாவாமல் பிறநாட்டுக் குடிமையைத் தாமே விரும்பி ஏற்றல் ஆகாது, அதனால் இந்தியக் குடிமை நீங்குதலும் கூடும். ஆனால் அந்நாளுக்குப் பின்னர் ஈழத்துப் பெற்றோர் இருவர்க்கும் இங்குப் பிறந்த பிள்ளை, தூதரகத்திற் பதிந்தாலும் பதியாவிட்டாலும், இன்றுள்ள சட்டப்படி பிறப்பால் இந்தியக் குடியன்று. பதியாமல் இருப்பதால் அதற்கு இந்தியக் குடிமை ஒரு முழமும் நெருங்கிவராது. நாடற்றவன் என்று இரங்கிக் குடிமை தரும் பிரிவு எதுவும் இந்தியச் சட்டத்தில் இல்லை. தடையாய் நிற்பது 'சட்டமறுப்புக் குடியேறி' என்னும் சூட்டுக்குறியே; பிள்ளையின் பெயர் கொழும்புப் பதிவேட்டில் இருப்பதன்று. இல்லாத ஊருக்குப் போகாத வழியை நம்பி, இருக்கும் வழியையும் விடுவது பேதைமை.

அற்றுப்போகும் வழிமுறை

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. அதனைப் பலர் எண்ணுவதில்லை. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை இலங்கைக் குடியாகவேண்டுமானால், பிறக்கும்பொழுது தாயோ தந்தையோ இலங்கைக் குடியாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். 1990-இல் முகாமிற் பிறந்து பதியப்படாத பெண் இன்று தாய். அவளே எந்நாட்டுக் குடியும் அல்லளெனின், அவள் பிள்ளைக்கு எதனைக் கொடுப்பாள்? அவளைப் போன்றே பதியப்படாத ஒருவனை அவள் மணந்தால், அவர்தம் பிள்ளைக்கு இலங்கை வாயிலும் இல்லை. இந்திய வாயிலும் இல்லை. ஒரு தலைமுறையில் விட்ட முடிச்சு அடுத்த தலைமுறையிற் கயிற்றையே அறுத்துவிடுகிறது. பாட்டி யாழ்ப்பாணத்துக் குடி, தாய் தாளற்றவள், பேத்தி நாடற்றவள். சோம்பலாலோ வீறாப்பாலோ ஒருவர் இன்று பதியாமல் விடுவது தம் பிள்ளையை மட்டுமன்று, இன்னும் பிறவாத பேரப்பிள்ளையையும் ஆகும்.

நாடற்ற வாழ்வு என்ன என்பதைக் கொழுத்த நூல்களிற் படித்துத்தான் அறியவேண்டும் என்பதில்லை. கடவுச்சீட்டு இல்லை, வெளிநாட்டுப் படிப்புமில்லை, பணியுமில்லை. அரசுப் பணி இல்லை. வாக்குரிமை இல்லை. ஊர் திரும்பினாலும், இந்தியப் பிறப்புச் சான்று ஒன்றை மட்டும் கையில் வைத்திருக்கும் பிள்ளை, இலங்கையின் அடையாள அட்டையைப் பெற இடர்ப்படுகிறது. சொந்த ஊரிலேயே மீண்டும் அயலானாகிறது. தமிழகத்து முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாம்களுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்கின்றனர் என்று 2021-ஆம் ஆண்டு அரசுக் கணக்குகள் சொல்லின. நாற்பதாண்டு முகாம் வாழ்வில், அவருள் இம்மண்ணிலேயே பிறந்து வேறு மண்ணைக் கண்டறியாத இளையோர் மிகப் பலர்.

ழகரம் படும் பாடு

தாள் இருந்தும் பிள்ளைகள் பதியப்படாமைக்கு ஒரு கரணியம் உண்டு. தமிழ்கற்றார் கருதவேண்டியது அது. பெயர்ப்பிழை. இளவழகன் என்று தந்தை மகனுக்குப் பெயரிடுகிறார். தமிழில் எழுதினால் அதற்கு ஒரே வடிவம். ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தால், மருத்துவமனை எழுத்தர் ழகரத்திற்கு ஓரெழுத்து இடுகிறார். பள்ளி எழுத்தர் ஈரெழுத்து இடுகிறார். முகாம் எழுத்தர் அதை லகரமாக்கிவிடுகிறார். ஈழத்து வழக்கில் தந்தை பெயர் முழுமையாய் முன்நிற்கும். தமிழகத்து வழக்கில் அது ஓர் எழுத்தாய்ச் சுருங்கும். கந்தையா இளவழகன் என்பவர் க. இளவழகன் ஆகிறார். ஒரு மாந்தன் மூன்று தாள்களில் மூன்று மாந்தனாகிறான். தூதரகமோ, "இவர் மூவருள் எவர் இப்பிள்ளையின் தந்தை?" என்று கேட்டுத் தாள்கட்டைத் திருப்பித் தருகிறது.

தமிழ்ப்பெயரைத் தமிழெழுத்தில் ஒப்புநோக்கினால் அரைநொடியில் தீரும் ஐயம், அயலெழுத்தின் வழியாகப் பார்ப்பதால் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது! தமிழகத்துப் பிறப்புச் சான்று தமிழிலும் அச்சாகிறது. இலங்கையிலோ 1987-ஆம் ஆண்டின் 13-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. இரு கரையிலும் தமிழ் ஆட்சிமொழியாயிருக்க, இரு கரைத் தாள்களும் ஆங்கிலத்திற் பேசிக்கொள்ளவேண்டிய தேவை என்ன? மொழியை இழப்பது பண்பாட்டை இழப்பது என்று சொல்லிவந்தோம்; இங்கோ எழுத்தை இழப்பதால் ஒரு குழவி நாட்டையே இழக்கிறது.

செய்யவேண்டுவன

ஒன்றுபட்ட நாடுகளவையின் குழந்தையுரிமை உடன்படிக்கையின் 7-ஆம் உறுப்பு, பிறந்தவுடன் பதியப்பெறும் உரிமையும், பெயர் பெறும் உரிமையும், ஒரு நாட்டுக் குடிமையை அடையும் உரிமையும் ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு என்கிறது. இலங்கை 1991-இலும் இந்தியா 1992-இலும் அதனை ஏற்றன. ஏற்றுக்கொண்டதை இரு அரசுகளும் நிறைவேற்றல் வேண்டும். அவ்வளவே கேட்கப்படுவது.

கொழும்பு அரசு: ஓராண்டுக் கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் அமைச்சர்க்கு 1948 முதலே உண்டு. போரினால் நாடு நீங்கியதைவிடத் தக்க கரணியம் வேறென்ன வேண்டும்? முகாம்களிற் பிறந்த அனைவர்க்கும் தனித்தனி வேண்டுகையின்றி, ஒறுப்புக் கட்டணமின்றி அக்காலத்தை நீட்டித்து ஒரே ஆணை பிறப்பித்தல் வேண்டும். பதிவு அலுவலர்கள் சென்னையில் அமர்ந்து ஏழையை வரவழைக்காமல் முகாம்களுக்குச் செல்லுதல் வேண்டும். எரிந்த சான்றுக்கு ஈடாக ஊர்ப்பதிவேட்டின் படியைத் தாமே தேடியெடுத்தல் வேண்டும். பெயரைத் தமிழெழுத்தில் ஒப்புநோக்குதல் வேண்டும்.

தில்லி அரசு: நாற்பதாண்டு இம்மண்ணில் வாழ்ந்து பதிவுபெற்ற ஏதிலியர்மேலிருந்து 'சட்டமறுப்புக் குடியேறி' என்னும் சூட்டுக்குறியை நீக்குதல் வேண்டும். இங்கேயே வாழ விரும்புவோர்க்குக் குடிமைக்கு வழி திறத்தல் வேண்டும். ஊர் திரும்ப விரும்புவோர்க்கு வழி விடுதல் வேண்டும். தேர்வு, பிள்ளையையும் பெற்றோரையும் சார்ந்தது. 1964-இல் நடந்ததுபோல் இரு தலைநகரங்களின் பேரத்தைச் சார்ந்ததன்று. இலங்கையிற் பதிந்தமையைக் காட்டி இங்கே மறுத்தலும், இங்கே பிறந்தமையைக் காட்டி அங்கே மறுத்தலும் இனி வேண்டா.

தமிழக அரசு: 2021 ஆகத்தில் 317.40 கோடி உருபாவிற்கு நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டதும், முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பட்டதும் பாராட்டத்தக்கன. வீடு கட்டித் தருவது நன்று. ஆனால் அவ்வீட்டுப் பிள்ளைக்கு நாடு இல்லையெனின் வீட்டின் பயன் பாதியே. ஒவ்வொரு முகாமிலும் ஆவண அலுவலர் ஒருவரை அமர்த்தி, பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, பெயர்த்திருத்தம் ஆகியவற்றை முகாமிலேயே முடித்துத் தருதல் பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் பல்லாண்டாகத் தம் சிற்றாற்றலால் செய்துவரும் அப்பணியை, பேராற்றல் படைத்த அரசு மேற்கொள்ளக்கூடாதா?

தமிழினத்தார்: மேடை முழக்கம் போதும். தமிழறிந்த ஆசிரியர் ஒருவர் ஒரு விடுமுறை நாளில் அருகிலுள்ள முகாமிற்குச் சென்று, பத்துக் குடும்பங்களின் தாள்களைப் பார்த்து, எங்கெங்குப் பெயர் பிழைத்திருக்கிறது என்று குறித்துக் கொடுத்தால், அது நூறு கூட்டத்தினும் மேலான தமிழ்த்தொண்டு. வழக்கறிஞர் ஒருவர் உறுதிமொழித் தாள் எழுதிக் கொடுத்தால், அது இனத்தொண்டு. அபிராமபுரத்திலும் அதுபோன்ற ஊர்ப்பகுதிகளிலும் கடல்கடந்து பிள்ளைகளை வாழவைத்திருக்கும் பெற்றோர், தம் பேரக் குழவியின் பதிவிற்குக் காட்டும் கருத்தில் பத்திலொரு கூறு முகாமிலுள்ள ஒரு குழவிக்குக் காட்டினால் அது போதும்.

முகாமில் வாழும் பெற்றோர்க்குச் சொல்லவேண்டுவது ஒன்றே. பதிக! காலம் கடந்திருந்தாலும், நீட்டித்துத் தரக் கேட்டுப் பதிக! பெயரை எல்லாத் தாளிலும் ஒன்றாக்கிப் பதிக! தூதரகத்து வாயிலில் நிற்பது தலைகுனிவன்று. கடன் கொடுத்தவன் கடன்பட்டவன் வீட்டு வாயிலில் நிற்பது போன்றது அது. பிள்ளை வளர்ந்து எந்நாட்டில் வாழ்வது என்று தானே முடிவுசெய்யட்டும். முடிவுசெய்வதற்கு அதன் கையில் ஒரு தாளேனும் இருக்கட்டும்.

மண்ணைப் படையால் இழந்த இனம் மீண்டிருக்கிறது. மக்களைப் பதிவேட்டில் இழந்த இனம் தன்னை எண்ணிக்கொள்ளவும் வழியற்றுப் போகும். தமிழ்ப்பிள்ளை ஒன்றுகூட எண்ணப்படாமல் விடப்படுதல் ஆகாது!